காதல் கேள்விகளுக்குப் பதில் எழுதும் தம்பிகளுக்கு



டெலிகிராமிலும் இன்ஸ்டாகிராமிலும் காதல் ஆலோசனைக் குழுக்களை நடத்தும் அட்மின்களுக்கும், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு முன்பின் தெரியாத ஒருவனுக்கு அங்கே பதில் எழுதும் உங்கள் எல்லாருக்கும் இந்த மடல். நான் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள். என் மாணவர் ஒருவர்தான் இப்படிப்பட்ட ஒரு குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார். வகுப்பில் குறுந்தொகை நடத்தும்போது தலை நிமிராத பையன்கள் அங்கே பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து விடாமல் படித்து வருகிறேன்.

உங்கள் குழுவில் ஆள் கூடிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு ஆயிரம் தாண்டும்போதும் வாழ்த்துப் படம் போட்டுக் கொண்டாடுகிறீர்கள். உழைத்தவர்களுக்கு அந்தச் சந்தோஷம் உரியதுதான். ஆனால் காதலுக்கு வழி கேட்டு இணையத்தில் கூடியவர்களுக்கு முப்பது வருஷத்துக் கதை ஒன்று இருக்கிறது. அந்தக் கூட்டங்களும் நல்ல மனதோடுதான் தொடங்கின, இப்படித்தான் வேகமாக வளர்ந்தன. அவை போய்ச் சேர்ந்த இடம் தெரிந்த பிறகு உங்களிடம் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

உங்கள் வேலையைச் சிறிதாக நினைத்து இதை எழுதவில்லை. நம் ஊரில் ஒரு பையன் வேறெங்கே போய்க் கேட்பான்? பள்ளியில் ஆண் பிள்ளைகள் ஒரு பக்கம், பெண் பிள்ளைகள் ஒரு பக்கம். சில கல்லூரிகளில் பெண்ணோடு நின்று பேசினால் அபராதம், படிக்கட்டுகூடத் தனித்தனி. வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. அப்படி வளர்த்த பிள்ளையை இருபத்தெட்டு வயதில் பெண் பார்க்க அழைத்துப்போய், மொட்டை மாடியில் பத்து நிமிஷம் பேசிவிட்டு வாழ்நாளுக்கான முடிவைச் சொல் என்கிறோம். இடையில் யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. சினிமா மட்டும் சொல்லித் தந்தது: வேண்டாம் என்று சொல்லும் பெண்ணின் பின்னாலேயே நான்கு பாட்டு சுற்றினால் ஐந்தாவது பாட்டில் அவள் சிரித்துவிடுவாள் என்று.

உங்கள் அம்மாக்களின் காலத்தில் இந்த வேலையைப் பத்திரிகைகள் செய்தன. தினமலர் வாரமலரின் ‘அன்புடன் அந்தரங்கம்’ பகுதியில் எழுத்தாளர் அனுராதா ரமணன் எழுதும் பதிலுக்காக ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைப் பிடுங்கிப் படித்த வீடுகள் ஏராளம். அங்கே கேட்டவருக்குப் பெயர் இல்லை. பதில் சொன்னவருக்குப் பெயரும் முகமும் இருந்தன. தவறாகச் சொன்னால் அடுத்த வாரமும் அதே இடத்தில் நின்றாக வேண்டும். உங்கள் குழுவிலோ ஒரு கேள்விக்குப் பத்தே நிமிஷத்தில் நாற்பது பதில் வந்து விழுகிறது. மறுநாள் காலையில் அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்க ஒருவரும் இருப்பதில்லை.

இனி அந்த முப்பது வருஷத்துக் கதை. 1997-ல் கனடாவின் ஒட்டாவா நகரில், கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினார். அலானா என்ற முதல் பெயரால் மட்டுமே வெளியே அறியப்படுபவர். வயது ஏறியும் தனக்குக் காதல் அமையவில்லை, தன்னைப்போல் இன்னும் பலர் இருப்பார்கள், ஒருவரோடு ஒருவர் பேசினால் மனம் ஆறும் என்பதுதான் அவர் எண்ணம். ஆண்களும் வந்தார்கள், பெண்களும் வந்தார்கள். கூச்சப்பட்டவர்கள், பழகத் தெரியாதவர்கள், தன் உடம்பைப் பார்த்துத் தானே வெட்கப்பட்டவர்கள். விரும்பியும் துணை அமையாதவர்கள் என்ற பொருளில் அவர் வைத்த பெயர்தான் பின்னாளில் ‘இன்செல்’ என்று சுருங்கியது. சில ஆண்டுகளில் அவருக்கே வாழ்க்கையில் துணை அமையத் தொடங்கியது. பக்கத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொண்டார்.

விலகியவருக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். இந்த மாதிரிக் குழுவில் துணை கிடைத்தவன் போய்விடுகிறான். போவதுதான் இயல்பு. கிடைக்காதவன் தங்குகிறான். ஐந்து வருஷம் தங்கியவன் மூத்த உறுப்பினர் ஆகிறான். புதிதாக வரும் பதினெட்டு வயதுப் பையனுக்கு அவன்தான் குரு. தோற்றவன் அனுபவம் மட்டுமே அங்கே அனுபவமாகச் சேர்ந்துகொண்டு வருகிறது. முதலில் ‘எனக்கு அமையவில்லை’ என்று இருந்த துக்கம், ‘பெண்களே இப்படித்தான்’ என்ற தத்துவமாக மாறுகிறது. அந்தத் தத்துவம் ஓங்கியதும் பெண்கள் ஒவ்வொருவராக வெளியேறுகிறார்கள். அதன்பிறகு, ‘இல்லை, நாங்கள் அப்படி இல்லை’ என்று சொல்ல அந்த அறையில் ஆளே கிடையாது. யாரும் திட்டம் போட்டு இதைச் செய்யவில்லை. ஆள் வருவதையும் போவதையும் அதன் போக்கில் விட்டதே போதுமானதாக இருந்தது.

ரெடிட் தளத்தில் ‘இன்செல்’ என்ற பெயரில் இயங்கிய குழுவில் ஏறக்குறைய நாற்பதாயிரம் பேர் சேர்ந்திருந்தார்கள். வன்முறைப் பேச்சு பொறுக்க முடியாமல் 2017 நவம்பரில் அதை மூடினார்கள். அடுத்த வருஷம் ஏப்ரல் 23 அன்று டொரண்டோவின் யங் தெருவில் ஒருவன் வேனை நடைபாதையில் ஏற்றினான். பதினொரு பேர் இறந்தார்கள், அவர்களில் ஒன்பது பேர் பெண்கள். ஒருவர் இலங்கையிலிருந்து குடியேறியவர். பள்ளிக்கூட உணவகத்தில் வேலை பார்த்துக்கொண்டு ஏழு வயது மகனைத் தனியாளாக வளர்த்தவர். ஓட்டியவன் கிளம்பும்முன் அந்தக் கூட்டத்தைப் புகழ்ந்து ஃபேஸ்புக்கில் எழுதியிருந்தான். பேர் வாங்குவதற்காகவே அவன் அந்தக் கூட்டத்தோடு தன்னைச் சேர்த்துச் சொன்னான் என்று வழக்கை விசாரித்த நீதிபதி கருதினார். கொலைகாரன் ஒருவன் பேர் வாங்கப் பயன்படுத்தும் அளவுக்கு அந்தப் பெயர் வளர்ந்திருந்தது என்பதே என்னை உலுக்குகிறது. தனிமைக்கு ஆறுதல் தேடி ஒரு பெண் வைத்த பெயர் அது.

அலானா பக்கம் தொடங்கிய அதே 1990களில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வேறொரு கூட்டம் வளர்ந்தது. உங்கள் குழுவில் இன்றைக்குச் சொல்லப்படும் பாதி ஆலோசனை அங்கிருந்து வந்ததுதான். சொல்பவர்களுக்கே அது தெரியாது. ராஸ் ஜெஃப்ரீஸ் என்பவர் 1990களின் தொடக்கத்தில், பேச்சால் மயக்கிப் பெண்களை வசப்படுத்தலாம் என்று சொல்லிப் பாடம் நடத்தினார். அவருடைய சீடர் ஒருவர் 1994-ல் இணையத்தில் அதற்கென ஒரு கூடுமிடம் அமைத்தார். ஆரம்பத்தில் காசில்லை. நேற்று ராத்திரி எந்த கிளப்புக்குப் போனேன், யாரிடம் என்ன பேசினேன், எங்கே சொதப்பியது என்று எழுதுவார்கள், மற்றவர்கள் திருத்துவார்கள். கூச்சத்தால் வீட்டுக்குள்ளேயே கிடந்த பலர் அதைப் படித்துத்தான் ஒழுங்காக உடுத்தவும், எதிரே இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேசவும் கற்றுக்கொண்டார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை.

பிறகு டொரண்டோவைச் சேர்ந்த எரிக் வான் மார்கோவிக் என்ற மேஜிக் கலைஞர் வந்தார். ‘மிஸ்டரி’ என்பது அவர் வைத்துக்கொண்ட பெயர். பெண்ணை அணுகுவதை மேஜிக் நிகழ்ச்சி மாதிரியே படிப்படியாகப் பிரித்தார். மனப்பாடம் செய்த முதல் வாக்கியம், அவள் தன்னம்பிக்கையைக் கொஞ்சம் குலைக்கும் ஒரு மட்டம் தட்டல், கண்ணைப் பறிக்கும் உடை. பத்திரிகையாளர் நீல் ஸ்ட்ராஸ் அந்தக் கூட்டத்தில் கலந்து பழகி 2005-ல் எழுதிய ‘தி கேம்’ புத்தகம் பிய்த்துக்கொண்டு விற்றது. 2007-ல் மிஸ்டரியை வைத்து விஹெச்1 சேனல் ஒரு நிகழ்ச்சியே நடத்தியது. வார இறுதிப் பயிற்சி முகாம்கள் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போயின. பெண்களுக்கு ஒன்று முதல் பத்து வரை மார்க் போடுவது அங்கே சாதாரணப் பேச்சாகிவிட்டது.

காசு புகுந்ததும் ஆலோசனையின் தன்மை மாறிவிட்டது. வாங்கினவன் குணமாகிப் போய்விட்டால் அடுத்த வகுப்பை யாருக்கு விற்பது? அவன் எப்போதும் கொஞ்சம் குறையுள்ளவனாகவே இருந்தாக வேண்டும். கவனத்தை இழுக்க ஒருவரை ஒருவர் மிஞ்ச வேண்டும். பெண்களின் தலையைப் பிடித்து இழுக்கும் வீடியோக்களை வெளியிட்ட அமெரிக்கப் பயிற்சியாளர் ஒருவரின் விசாவை 2014 நவம்பரில் ஆஸ்திரேலியா ரத்து செய்தது. பிரிட்டன் அவரை உள்ளே விட மறுத்தது. அதே வருஷம் மே 23 அன்று கலிஃபோர்னியாவின் ஐலா விஸ்டாவில் இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவன் ஆறு பேரைக் கொன்று தானும் செத்தான். இந்தப் பயிற்சியாளர்களால் ஏமாற்றப்பட்டோம் என்று கொதித்தவர்கள் கூடும் தளம் ஒன்றில் எழுதிக்கொண்டிருந்தவன் அவன். நீல் ஸ்ட்ராஸோ 2015-ல் வேறொரு புத்தகம் எழுதினார். பெண்களை வசப்படுத்தக் கற்ற அவர், தான் நேசித்த ஒரு பெண்ணோடு உண்மையாக வாழத் தெரியாமல் சிகிச்சை மையத்தில் சேர்ந்த கதை அது.

நான் தமிழ் நடத்துகிறவள் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. காதலுக்கு ஆலோசனை சொல்லும் ஆளை நம் அகப்பாடல்கள் மறக்கவில்லை. தலைவன் வாடியிருப்பதைப் பார்த்து அவன் தோழனான பாங்கன் வருகிறான். வந்தவன் முதலில் கடிந்துகொள்கிறான். உன்னைப் போன்றவனுக்கு இது தகுமா என்கிறான். தலைவன் தன் நிலையைச் சொல்கிறான். அதன்பிறகுதான் பாங்கன் உதவுகிறான். தலைவி இருக்கும் இடத்துக்குத் தானே போய்ப் பார்த்து வந்து சொல்கிறான். அத்தோடு அவன் வேலை முடிந்தது. அடுத்து வருபவள் தலைவியின் தோழி. தலைவனை அவள் எளிதில் நம்புவதில்லை. காத்திருக்க வைக்கிறாள், இரவில் வரும் வழியின் ஆபத்தைச் சொல்கிறாள், எப்போது மணம் முடிப்பாய் என்று நெருக்குகிறாள். பின்னாளில் பரத்தையிடமிருந்து அவன் திரும்பி வரும்போது வாசலில் நின்று உள்ளே விட மறுப்பவளும் அவளே. அந்தக் காதலில் ஆலோசனை சொல்லும் இருவரில் ஒருவர் முழுக்க முழுக்கப் பெண்ணின் பக்கம் நிற்கிறவர். உங்கள் குழுவில் கடிந்துகொள்ளும் பாங்கனும் இல்லை, தோழியும் இல்லை.

அவர்கள் இல்லாததன் விளைவை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு பையன் எழுதியிருந்தான்: ‘அண்ணா, நாலு நாளா ப்ளூ டிக் விழுது, ரிப்ளை இல்ல. முன்னாடி நல்லா பேசுவா. நான் என்ன தப்பு பண்ணேன்?’ கூடவே அவளோடு பேசிய உரையாடலின் ஸ்க்ரீன்ஷாட். அவள் முகப்புப் படம் அப்படியே தெரிந்தது. வந்த பதில்கள் இவை. ‘ஒரு வாரம் கண்டுக்காத, தானா வருவா.’ ‘ஸ்டேட்டஸ்ல வேற பொண்ணு போட்டோ போடு.’ ‘நீ ஓவரா இறங்கிப் போற, சிம்ப் மாதிரி இருக்க.’ ‘வேற நம்பர்ல இருந்து மெசேஜ் போட்டுப் பாரு.’ ‘விடு மச்சி, எல்லாம் ஒரே மாதிரிதான்.’ கடைசிப் பதிலுக்குத்தான் அதிக லைக்.

அந்த ஸ்க்ரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் படித்தேன். மேலே இரண்டாவது செய்தியில் அவள் எழுதியிருந்தாள்: ‘வீட்ல போன் செக் பண்றாங்க, கொஞ்ச நாள் மெசேஜ் வேணாம்.’ பதில் எழுதிய ஒருவர்கூட அதைப் படிக்கவில்லை. படித்திருந்தால் சொல்ல வேண்டியது ஒரே வரிதான்: அவள் கேட்டபடி நிறுத்து, வேண்டும்போது அவளே பேசட்டும். அந்த வரி வராமல், வேறு நம்பரிலிருந்து முயற்சி செய் என்ற பதில் வந்தது. ஒரு பெண் தெளிவாக விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறை. உங்கள் குழுவில் அது டிப்ஸ்.

பெண்கள் ஏன் பதில் போடுவதில்லை என்று அங்கே தினமும் கேட்கிறார்கள். திமிர், டைம்பாஸ், பணக்காரனைத் தேடுகிறாள் என்று காரணமும் சொல்லிக்கொள்கிறார்கள். என் வகுப்பில் உட்காரும் பெண்களைக் கேளுங்கள். 2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் வேலைக்குக் கிளம்பி நின்ற பெண் வெட்டப்பட்டதை அவர்கள் பள்ளிப் பிள்ளைகளாகக் கேட்டு வளர்ந்தவர்கள். 2022-ல் பரங்கிமலை நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி ஓடும் ரயில் முன் தள்ளப்பட்டாள். பொள்ளாச்சியில் நட்பாகப் பழகி அழைத்துப்போய்ப் பெண்களை வதைத்து வீடியோ எடுத்தவர்களின் வழக்கு 2019-ல் வெளியே வந்தது. 2025 மே மாதம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறை என்று தீர்ப்பாயிற்று. இத்தனையும் தெரிந்த பெண், முன்பின் அறியாதவனின் ‘ஹாய்’க்கு உடனே பதில் போடாமல் இருப்பது அவளுடைய அறிவு. அந்த அறிவை மதிக்கக் கற்ற பையனிடம்தான் அவள் நாளடைவில் பேசுவாள். இதை நீங்கள் சொல்லித் தந்தால் எத்தனை பேர் கேட்பார்கள் தெரியுமா? அவர்கள் உங்களைத்தான் நம்புகிறார்கள், என்னைப் போன்ற ஆசிரியர்களை அல்ல.

லாஸ் ஏஞ்சலஸ் பாடத்தில் சாதி கிடையாது. நம் ஊர்க் காதலில் முதல் கேள்வியே அதுதான். உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில், சாதி கடந்து மணந்த சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார், பக்கத்தில் இருந்த மனைவிக்கும் வெட்டு விழுந்தது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஒரு தலித் இளைஞர் கொல்லப்பட்டார், ஐடி வேலையில் இருந்தவர். உங்கள் குழுவில் ‘வேற கம்யூனிட்டி அண்ணா, என்ன பண்றது?’ என்று ஒருவன் கேட்டபோது ‘தில்லா இரு’ என்று எழுதியிருந்தார்கள். தில் போதாது, தம்பிகளே. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிவு செய்ய முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும், அந்த அறிவிப்பு அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும், அந்த முப்பது நாள்தான் ஆபத்தானது என்பதைச் சொல்லத் தெரிந்தவர் வேண்டும். 2018-ல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட தம்பதிகளுக்குப் பாதுகாப்பு தர மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறது. ஒரு வழக்கறிஞரைக் குழுவில் சேர்த்துக்கொள்வது அப்படி ஒன்றும் கடினமில்லை. அந்தக் கேள்வியைக் கேட்ட பையன் பிறகு என்ன ஆனான் என்று நான் இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறேன். அவன் கணக்கு இப்போது இல்லை.

குழுவை மூடுங்கள் என்று உங்களிடம் நான் கேட்கவில்லை. பெண்களை அட்மின் ஆக்குங்கள். பேருக்கு ஒருவரை வைக்காமல், மூன்று நான்கு பேரை, பதிவை நீக்கும் அதிகாரத்தோடு வையுங்கள். அவர்கள் ஒரு பதிலை நீக்கினால் அதைப் பற்றி வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். துணை கிடைத்துப் போய்விட்டவர்கள் இருக்கிறார்களே, அவர்களைத் தேடிப் பிடித்து மாதம் ஒருமுறையாவது வந்து எழுதச் சொல்லுங்கள். எப்படிக் ‘கரெக்ட் பண்ணினேன்’ என்று எழுத வேண்டாம். சேர்ந்த பிறகு சண்டை எப்படி வந்தது, எப்படிப் பேசித் தீர்த்தோம், பிரிந்தபோது எப்படிப் பிரிந்தோம் என்று எழுதட்டும். தங்கியிருப்பவர்கள் குரல் மட்டுமே கேட்கும் இடமாக ஆகிவிடாமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அனுமதியில்லாத ஸ்க்ரீன்ஷாட்டும் பெண்ணின் படமும் வந்த நிமிஷமே போய்விட வேண்டும். இதில் விதிவிலக்கு வேண்டாம். சென்ற வாரம் ஒருவர் ‘கட்டண வகுப்பு, முதல் ஐம்பது பேருக்குத் தள்ளுபடி’ என்று அறிவித்திருந்தார். நல்ல பிள்ளை, நன்றாகப் பேசுகிறவர். அவரிடம் நேரில் பேசி அதை நிறுத்தச் சொல்லுங்கள். லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள் சறுக்கிய முதல் படி அதுதான்.

கேள்வி கேட்பவர்களில் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது; ஒருவன் பத்தாம் வகுப்பு ரிவிஷன் டெஸ்ட் பற்றியும் சேர்த்து எழுதியிருந்தான். பதினெட்டு வயது நிறையாதவர்கள் விஷயத்தில் போக்சோ சட்டம் குறுக்கே நிற்கிறது, உங்கள் யாருக்கும் அந்தப் பொறுப்பைச் சுமக்கும் பயிற்சி இல்லை. அவர்களைத் திட்டி விரட்டாமல், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைத் தந்து அன்பாக வெளியே அனுப்புங்கள்.

செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று எழுதுகிறவனுக்கு ‘மூவ் ஆன் மச்சி’ என்று யாரும் பதில் எழுதக் கூடாது. அந்தச் சொல் கண்ணில் பட்டதும் ஒரே ஓர் அட்மின் அவனைத் தனியாக அழைத்து, குரலில், போனில் பேசட்டும். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416. தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் இருக்கிறது. இரண்டிலும் இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். குழுவின் உச்சியில் இப்போது உறுப்பினர் எண்ணிக்கைக்கான வாழ்த்துப் படம் பின் செய்யப்பட்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டு இந்த எண்களைப் போடுங்கள். இன்று இரவே போட்டுவிடுங்கள். பரீட்சை முடிவுகள் வருகிற நேரம் இது.

அன்புடன்,
உங்களைப் படித்துக்கொண்டிருக்கும் ஓர் ஆசிரியை